எச்₂ஓ: நீரின் வாய்பாட்டைப் பிழையில்லாமல் படிப்பது எப்படி

நீரின் வாய்பாடு தெரியாதவர் இல்லை. ஆனால் அது சொல்வது எது, சொல்லாதது எது என்று கேட்டால் பலரும் தடுமாறுவார்கள். வாய்பாடு சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: ஒரு மூலக்கூறில் எந்த அணு எத்தனை இருக்கிறது என்ற எண்ணிக்கை. எடையையோ வடிவத்தையோ அது சொல்லாது. அணுக்கள் எந்த வரிசையில் கோத்திருக்கின்றன, பொருள் திடமா திரவமா என்பதும் அதில் இல்லை. நீரைப் பற்றிய தவறான கருத்துகளில் பெரும்பகுதி, அதில் இல்லாததை இருப்பதாக எண்ணிப் படிப்பதால் வருபவை.

(பாடநூல்களில் ரோமன் எழுத்தில் வரும் குறியீடுகள் இங்கே உச்சரிக்கும்படி தமிழில் தரப்பட்டுள்ளன. எச் என்பது ஹைட்ரஜன், ஓ என்பது ஆக்சிஜன்.)

முதலில் எழுத்து

கீழே சிறிதாக நிற்கும் 2, தனக்கு இடப்பக்கம் உள்ள அணுவுக்கு மட்டுமே உரியது. எனவே ஹைட்ரஜன் இரண்டு. ஆக்சிஜனுக்குப் பின்னால் எண் எதுவும் இல்லை, அப்படியானால் ஒன்று. 1 என்று எழுதும் வழக்கம் கிடையாது.

முன்னால் பெரிதாக வரும் எண்ணுக்குக் கெழு என்று பெயர். அது முழு மூலக்கூறையும் பெருக்கும். 3எச்₂ஓ என்றால் மூன்று நீர் மூலக்கூறுகள், அதாவது ஆறு ஹைட்ரஜன் அணுக்களும் மூன்று ஆக்சிஜன் அணுக்களும். தேர்வுத் தாள்களில் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். கெழுவை ஹைட்ரஜனுக்கு மட்டும் பெருக்கிவிட்டு ஆக்சிஜனை அப்படியே விட்டுவிடுவார்கள்.

ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்யும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி வரும். ஒன்று, ஓ என்ற எழுத்துக்குப் பதிலாகப் பூஜ்யத்தைப் போடுவது. இன்னொன்று, 2-ஐ மேலே ஏற்றிவிடுவது. மேலே ஏறினால் அது அடுக்குக் குறியாகவோ மின்சுமைக் குறியாகவோ படிக்கப்படும். மைக்ரோசாப்ட் வேர்டில் 2-ஐ மட்டும் தேர்வு செய்து, கண்ட்ரோல் விசையுடன் சமக்குறி விசையை அழுத்தினால் எண் கீழே இறங்கும்.

ஏன் இரண்டு? ஒன்றாக இருந்தால் என்ன?

ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள் உள்ளன. எட்டு நிறைய இன்னும் இரண்டு வேண்டும். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். அதற்குத் தேவையும் ஒன்றுதான். ஓர் ஆக்சிஜன் இரண்டு ஹைட்ரஜன்களோடு எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டால் மூவர் கணக்கும் தீர்ந்துவிடுகிறது. பங்கிட்டு உண்டாகும் இந்தப் பிணைப்புதான் சகப்பிணைப்பு. ஒரு ஹைட்ரஜனோடு நின்றுவிட்டால் கிடைப்பது ஓஎச் என்ற தனியுறுப்பு, அதாவது சோடி சேராத எலக்ட்ரான் உள்ள துணுக்கு. அது சேமித்து வைக்க முடியாத அளவுக்கு வினைத்திறன் மிக்கது.

இன்று எளிதாகத் தெரியும் இந்த 2-ஐ நிலைநிறுத்த அரை நூற்றாண்டு ஆயிற்று. ஜான் டால்டன் 1808-ல் நீரில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் இருப்பதாகவே கொண்டார். இரு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம் மட்டும் தெரிந்திருந்தால், மிக எளிய விகிதத்தை எடுத்துக்கொள்வது அவர் விதி. அந்தக் கணக்கில் ஆக்சிஜனின் அணு நிறை 16-க்குப் பதில் 8 பக்கம் வந்து நின்றுவிடும். அதே காலத்தில் கே-லூசாக், ஹைட்ரஜன் 2 பங்கும் ஆக்சிஜன் 1 பங்கும் என்ற பருமனில் சேர்வதைக் காட்டினார். சம பருமன் வாயுக்களில், வெப்பமும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால், மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்று அவகாட்ரோ 1811-ல் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எச்₂ஓ தானாகவே வந்து நிற்கும். ஆனால் 1858-ல் கன்னிசாரோ அந்தக் கருத்தைத் தூசு தட்டி எடுத்து, 1860-ல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் முன்வைக்கும் வரை வேதியியலாளர்கள் பலரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

எண்ணிக்கை வேறு, நிறை வேறு

"நீரில் ஹைட்ரஜன்தான் இரண்டு மடங்கு" என்பது எண்ணிக்கையில் சரி. எடையில் நேர்மாறு. கணக்கு இதுதான்:

1. ஹைட்ரஜனின் அணு நிறை 1.008. இரண்டுக்கு 2.016.
2. ஆக்சிஜனின் அணு நிறை 15.999.
3. கூட்டினால் 18.015. ஒரு மோல் (6.022 × 10²³ மூலக்கூறுகள் கொண்ட அளவு) நீரின் நிறை இத்தனை கிராம்.
4. ஹைட்ரஜனின் பங்கு 2.016 ÷ 18.015 = 11.19 சதவீதம். மீதி 88.81 சதவீதம் ஆக்சிஜன்.

ஆக, ஒரு கிலோ நீரில் 888 கிராம் ஆக்சிஜன், 112 கிராம்தான் ஹைட்ரஜன். அணு எண்ணிக்கையில் 2:1, நிறையில் ஏறத்தாழ 1:8. விகிதம் கேட்கும் கேள்வி வந்தால் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே கணக்கை நீட்டினால் ஒரு சொட்டில் எத்தனை மூலக்கூறுகள் என்பதும் தெரியும். ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி., நிறை 0.05 கிராம். 18.015-ஆல் வகுத்தால் 0.00278 மோல். அதை 6.022 × 10²³-ஆல் பெருக்கினால் 1.67 × 10²¹ மூலக்கூறுகள்.

2:1-ஐக் கண்ணால் பார்க்க: மின்னாற்பகுப்பு

மின்சாரத்தைச் செலுத்திச் சேர்மத்தைப் பிரிப்பதுதான் மின்னாற்பகுப்பு. 1800-ல் லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் வோல்டா மின்கல அடுக்கைக் கொண்டு நீரைப் பிரித்தார்கள். அதையே சிறிய அளவில் செய்து பார்க்கலாம். சிறுவர்கள் செய்வதானால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

வேண்டியவை: அடியில் துளையிடக்கூடிய பிளாஸ்டிக் குவளை, 2 மி.மீ. தடிமனுள்ள பென்சில் கிராஃபைட் குச்சிகள் இரண்டு, 9 வோல்ட் மின்கலம், கவ்வி வைத்த ஒயர்கள் இரண்டு, மில்லிலிட்டர் கோடு போட்ட ஒரே அளவிலான சோதனைக் குழாய்கள் இரண்டு, சலவைச் சோடா 10 கிராம், காய்ச்சி வடித்த நீர் 400 மி.லி.

குவளையின் அடியில் சுமார் 3 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டு, குச்சிகளைக் கீழிருந்து மேலாகச் செருகுங்கள். உள்ளே 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும், வெளியே கவ்வி பிடிக்கும் அளவுக்கு விட்டால் போதும். துளையைச் சூட்டுப் பசையால் அடைத்து, வெறும் நீர் ஊற்றிக் கசிகிறதா என்று பாருங்கள். கவ்விகள் குவளைக்கு வெளியே, ஈரம் படாத இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கவ்வியிலோ ஒயரிலோ உள்ள செம்பு கரைசலைத் தொட்டால், நேர்மின்வாயில் (மின்கலத்தின் நேர்முனையோடு இணைந்த குச்சியில்) செம்பே அரிக்கப்படும். ஆக்சிஜன் அளவு குறைந்து கணக்குக் கெட்டுவிடும்.

சோடாவை நீரில் கரைத்து ஊற்றுங்கள். கரைசல் காரத்தன்மை உள்ளது, கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குச்சிகளை ஒயர்களால் மின்கலத்தின் இரு முனைகளோடு இணைத்து, முதல் 10 நிமிடம் குழாய்களைக் கவிழ்க்காமலே மின்சாரத்தை ஓட விடுங்கள். பிறகு இணைப்பை எடுத்துவிட்டு, இரு குழாய்களிலும் அதே கரைசலைக் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, குச்சிக்கு ஒன்றாகக் கவிழ்த்து மறுபடி இணையுங்கள். 0.1 ஆம்பியர் ஓடினால் எதிர்மின்வாயில் (எதிர்முனையோடு இணைந்த குச்சியில்) 10 மி.லி. ஹைட்ரஜன் சேர சுமார் 13 நிமிடம் ஆகும். மறுபக்கம் 5 மி.லி. ஆக்சிஜன் சேர வேண்டும்.

பெரும்பாலும் 5 சேராது. 4 அல்லது 4.5-இல் நிற்கும். வாய்பாட்டில் குறை இல்லை. ஆக்சிஜன் ஹைட்ரஜனைவிட நீரில் அதிகம் கரையும். முதல் 10 நிமிடம் சும்மா ஓடவிட்டது, கரைய வேண்டியது முன்பே கரைந்து தீரட்டும் என்பதற்காக. அடுத்த காரணம் கிராஃபைட். நேர்மின்வாயில் உண்டாகும் ஆக்சிஜனில் கொஞ்சம் கார்பனைத் தின்றுவிடும். குச்சியிலிருந்து கருந்தூள் உதிர்வது அதன் அடையாளம். பிளாட்டினம் மின்வாய் உள்ள ஆய்வகத்தில் விகிதம் 2:1-க்கு மிக அருகில் வரும்.

சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போடவே கூடாது. நேர்மின்வாயில் ஆக்சிஜனுக்குப் பதிலாக நச்சுத்தன்மையுள்ள குளோரின் வரும். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியை மின்வாயாக்குவதும் வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரையலாம். வீட்டு மின் இணைப்பை எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள். இரண்டு வாயுவையும் ஒரே குழாயில் சேர்த்தால் அது வெடிகலவை. தனித்தனியாகச் சோதியுங்கள்: ஹைட்ரஜன் குழாயின் வாயில் எரியும் குச்சியைக் காட்டினால் 'பப்' என்ற ஒலி எழும், ஆக்சிஜனில் தணல் குச்சி மறுபடி பற்றிக்கொள்ளும்.

சமன்பாட்டில் கீழ் எண்ணைத் தொடாதீர்கள்

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டில், இடப்பக்கம் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள், வலப்பக்கம் ஒன்று. சமன் செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் வலப்பக்கத்தை எச்₂ஓ₂ ஆக்கிவிடுவது வழக்கமான தவறு. கீழ் எண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடும். எச்₂ஓ₂ என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. 3 சதவீதக் கரைசலாகக் கிருமிநாசினியாகப் பயன்படுவது. "ஆக்சிஜன் கூடுதலாக உள்ள நீர்" என்று நினைத்து அதைக் குடிப்பது ஆபத்து.

மாற்றக்கூடியது கெழுவை மட்டுமே: 2எச்₂ + ஓ₂ → 2எச்₂ஓ. நிறையைச் சரிபாருங்கள்: 4 கிராம் + 32 கிராம் = 36 கிராம். பருமனில் மட்டும் 2 + 1 = 3 என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் வாயுவாக இருக்கும் வெப்பநிலையில் 2 பங்கு ஹைட்ரஜனும் 1 பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து 2 பங்கு நீராவியைத்தான் தரும். நிறை அழியாது, மூலக்கூறு எண்ணிக்கை குறையலாம்.

வாய்பாட்டில் இல்லாத வடிவம்

எச்₂ஓ என்று எழுதியிருப்பதால் இரண்டு ஹைட்ரஜன்களும் ஒன்றோடொன்று ஒட்டி, அதன்பின் ஆக்சிஜன் வருகிறது என்று எண்ணுபவர்கள் உண்டு. உண்மையில் ஆக்சிஜன் நடுவில், இருபுறமும் ஹைட்ரஜன். ஹைட்ரஜன்களுக்கிடையே பிணைப்பே கிடையாது. ஒவ்வொரு பிணைப்பின் நீளமும் 0.096 நானோமீட்டர், இடைக்கோணம் 104.5 பாகை. பிணைப்பில் சேராத இரண்டு சோடி எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிடம் மிச்சம் இருக்கின்றன. அவை தள்ளுவதால்தான் மூலக்கூறு நேர்க்கோடாக இல்லாமல் வளைந்திருக்கிறது.

இந்த வளைவுதான் நீரை நீராக்குகிறது. நேர்க்கோடாக இருந்திருந்தால் இருபுறத்து மின்னிழுப்பும் ஒன்றையொன்று ரத்து செய்திருக்கும். வளைந்திருப்பதால் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின்சுமையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்சுமையும் நிற்கின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்க்கும். அதற்குப் பெயர் ஹைட்ரஜன் பிணைப்பு. பெயரைப் பார்த்து மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்பு அது என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. உள்ளே உள்ள சகப்பிணைப்பை உடைக்க மோலுக்கு சுமார் 463 கிலோஜூல் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு அதில் இருபதில் ஒரு பங்கு போதும். அந்தச் சிறு ஈர்ப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பாருங்கள். மூலக்கூறு நிறை 34, நீரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு; ஆனாலும் அது மைனஸ் 60 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது.

கொதிக்கும்போது நீர் உடைவதில்லை

கொதிக்கும் குமிழிக்குள் இருப்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று கேட்டால் நம்பத் தோன்றும். அது நீராவி. அதன் வாய்பாடும் எச்₂ஓ. பனிக்கட்டிக்கும் அதேதான். சூடேறத் தொடங்கியதும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டும் சின்னக் குமிழிகள் வேறு. அவை நீரில் கரைந்திருந்த காற்று.

கணக்கும் இதையே சொல்கிறது. 18 கிராம் நீரை 100 பாகையில் ஆவியாக்க 40.7 கிலோஜூல் போதும். அதே நீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக்களாகப் பிரிக்க 286 கிலோஜூல் வேண்டும். வெறும் வெப்பத்தால் பிரிக்க முயன்றால் 2000 பாகையைத் தாண்டினாலும் சில சதவீத மூலக்கூறுகளே உடையும். அடுப்பு அந்தப் பக்கமே போகாது. நீரை அன்றாடம் உண்மையாகவே உடைப்பவை தாவரங்கள்: ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடிலிருந்து அல்ல, நீர் மூலக்கூறிலிருந்து வருகிறது.

இன்னும் சில தவறான கருத்துகள்

"மீன் எச்₂ஓ-வில் உள்ள ஓ-வைச் சுவாசிக்கிறது." இல்லை. மீனுக்குப் பயன்படுவது நீரில் தனியே கரைந்திருக்கும் ஓ₂ வாயு. 25 பாகை நன்னீரில் அது லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவே. பிணைப்பில் இருக்கும் 888 கிராம் மீனுக்கு எட்டாது. குளம் சூடேறினால் மீன் திணறுவதும் இதனால்தான்: வெப்பம் ஏற ஏறக் கரையும் ஆக்சிஜன் குறையும்.

"ஹைட்ரஜன் எரியும், ஆக்சிஜன் எரியத் துணைபோகும், பிறகு நீர் எப்படித் தீயை அணைக்கும்?" சேர்மத்துக்குத் தனிமத்தின் குணம் இருக்காது. ஹைட்ரஜன் எரிந்து முடிந்ததும் மிஞ்சும் சாம்பல்தான் நீர். எரிந்ததை மறுபடி எரிக்க முடியாது.

"தூய நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்." கடத்துவது கரைந்திருக்கும் உப்புகள். மிகத் தூய நீரின் மின்தடைத்திறன் 25 பாகையில் 18.2 மெகாஓம்-செ.மீ. அப்படியும் அதன் கடத்துதிறன் முழுப் பூஜ்யம் இல்லை. ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளில் ஒன்று அயனிகளாக, அதாவது மின்சுமையுள்ள துகள்களாகப் பிரிந்திருக்கும். குழாயில் வரும் நீர் ஒருபோதும் தூய எச்₂ஓ அல்ல. எனவே ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுவதற்கு இந்தக் கணக்கை ஆதாரமாக்காதீர்கள்.

"தூய நீரின் பிஎச் எப்போதும் 7." பிஎச் என்பது அமில-காரத் தன்மையின் அளவு. அது 7 ஆக இருப்பது 25 பாகையில் மட்டும். 100 பாகையில் அது 6.1 அளவுக்கு இறங்கும். அப்போதும் நீர் நடுநிலையானதே; நடுநிலைப் புள்ளிதான் இடம் மாறியிருக்கிறது.

"எல்லா எச்₂ஓ-வும் ஒன்றே." ஏறத்தாழ. இயற்கையில் சுமார் 6400 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்று டியூட்டீரியம் (குறியீடு டி), அதாவது இரு மடங்கு கனமான ஹைட்ரஜன். எந்த லிட்டர் நீரிலும் மூன்றில் ஒரு கிராம் அளவுக்கு எச்டிஓ கலந்திருக்கும். இரண்டு ஹைட்ரஜன்களும் டியூட்டீரியமாக இருந்தால் அது கனநீர், டி₂ஓ. 3.8 பாகையில் உறையும், 101.4 பாகையில் கொதிக்கும். அதன் பனிக்கட்டியைச் சாதாரண நீரில் போட்டால் மிதக்காமல் மூழ்கும்.

புட்டியில் விற்கும் 'சிறப்பு' வாய்பாடுகள்

"எச்₃ஓ₂ நீர்", "கட்டமைக்கப்பட்ட நீர்" என்று விளம்பரம் வந்தால் அணுக்களை எண்ணுங்கள், பிறகு மின்சுமையைப் பாருங்கள். மூன்று ஹைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதி எதிர்மின் அயனியாகவே இருக்க முடியும். புட்டி முழுக்க அதை மட்டும் அடைத்து விற்க இயலாது. 'கட்டமைப்பு' நிலைத்திருக்கும் என்ற பேச்சும் நிற்காது. திரவ நீரில் ஹைட்ரஜன் பிணைப்புகள் விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான நேரத்துக்குள் அறுந்து அறுந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

'ஹைட்ரஜன் நீர்' என்பதில் வாய்பாடு மாறுவதில்லை. சாதாரண நீரில் ஹைட்ரஜன் வாயுவைக் கரைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சாதாரண அழுத்தத்தில் லிட்டருக்கு சுமார் 1.6 மில்லிகிராமுக்கு மேல் கரையாது. மூடியைத் திறந்து வைத்தால் அதுவும் வெளியேறிவிடும். 'டைஹைட்ரஜன் மோனாக்சைடு' என்று பயமுறுத்தும் செய்தி வந்தால் கலங்க வேண்டாம். இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், நீரேதான்.

புள்ளிக்குப் பின்னால் வரும் எச்₂ஓ

மயில்துத்தத்தின் வாய்பாட்டில் காப்பர் சல்ஃபேட்டுக்குப் பின் ஒரு புள்ளி வைத்து 5எச்₂ஓ என்று இருக்கும். அந்தப் புள்ளி பெருக்கல் குறி அல்ல. படிகத்துக்குள் ஒரு காப்பர் சல்ஃபேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் இடம்பிடித்திருக்கின்றன என்று பொருள். ஆக்சிஜனை எண்ணும்போது சல்ஃபேட்டின் 4, நீரின் 5 என்று 9 வர வேண்டும், ஹைட்ரஜன் 10.

நீர் உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்று எடை போட்டே பார்க்கலாம். ஒரு மோல் படிகத்தின் நிறையான 249.7 கிராமில் நீரின் பங்கு 90.1, அதாவது 36 சதவீதம். 2.00 கிராம் நீலப் படிகத்தைப் பொடித்து, பீங்கான் கிண்ணத்தில் சிறு தீயில் சூடாக்கினால் நிறம் வெளிறி வெள்ளையாகும். ஆறிய பின் எடை 1.28 கிராம் பக்கம் வர வேண்டும். 1.42 கிராமில் நின்றுவிட்டால் நான்கு மூலக்கூறுகளே வெளியேறியிருக்கின்றன. ஐந்தாவது இறுக்கமாகப் பிடித்திருக்கும். அதை வெளியேற்ற 200 பாகைக்கு மேல் வேண்டும். பொடி கறுக்கத் தொடங்கினால் தீ அதிகம், சல்ஃபேட்டே சிதைகிறது. திறந்து வைத்து ஆறவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடை கூடிவிடும், எனவே மூடி வைத்து ஆறவிடுங்கள். மயில்துத்தம் நச்சு, சமையல் பாத்திரத்தில் இதைச் செய்யக் கூடாது.

வெள்ளைப் பொடியில் ஒரு சொட்டு நீர் விட்டால் சூடு கிளம்பி மறுபடி நீலமாகும். இது நீர் இருக்கிறதா என்பதற்கான சோதனை மட்டுமே. அந்த நீர் தூயதா என்பதை இந்த நிறம் காட்டாது. உப்பு நீரும் அழுக்கு நீரும் அதே நீலத்தையே தரும். தூய்மையைப் பார்க்க வேண்டுமானால் கொதிநிலை சரியாக 100 பாகையா என்று அளக்க வேண்டும், அதுவும் ஒரு வளிமண்டல அழுத்தத்தில்.